ஆஸ்பத்திரிக்கார அக்கா

எனக்கு உட்காரத் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்காராமல் வாசலோரமாக நின்றுகொண்டு, உள்ளே வருகிறவர்களின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் கையில் என்ன இருக்கிறது, யாருக்குக் கால் தள்ளாடுகிறது, அவசரம் என்றால் வெளியே போக இன்னொரு வழி எங்கே என்று கண் தானாகத் தேடும். "ஏட்டி, நீ என்ன கூர்க்காவா? வந்து உக்காரு" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடுவாள். போய் உட்கார்ந்தால் தொடை ஆட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவேன்.

வேலை அப்படி. பம்பாயில், லோயர் பரேலில் ஒரு உயரமான கட்டிடத்தின் மேல் மாடியில் இருக்கும் பப்பில் நான் லேடி பவுன்சர். கறுப்பு டீஷர்ட், கறுப்பு பேன்ட், செங்கல் கனத்தில் ஷூ, காதில் ஒயர். அதற்கு முன்னால் காட்கோபரில் ஒரு மாலில் பெண்களின் பையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அங்கே வந்த ஏஜென்சிக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த உயரத்தை இங்கே ஏன் வீணாக்குகிறாய் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஒட்டடைக்கம்பு என்று கூப்பிட்டவர்களை எல்லாம் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். என் உயரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

பவுன்சர் என்றால் சண்டை என்று நினைக்கிறார்கள். சண்டை எப்போதாவது வரும். மற்ற நாளெல்லாம் லேடீஸ் டாய்லெட் வாசல்தான் என் உலகம். குடித்துவிட்டு அழுகிற பிள்ளைகள், குமட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள், செருப்பு வார் அறுந்த பிள்ளைகள். முடியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன், முகம் கழுவி விடுவேன், டாக்ஸி நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு ஏற்றி அனுப்புவேன். "ஐ லவ் யூ தீதி" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத பெண், அடுத்த வாரம் கதவருகே பையைச் சோதிக்கிற என்னைப் பார்த்து, தொடாதே என்பாள். சில ஆண்களுக்கு ஒரு பெண் தங்களைத் தடுக்கிறாளே என்பதிலேயே போதை ஏறிவிடும். தடுத்துப் பார் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வருவார்கள். சிரிக்கக் கூடாது, உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. மாற்றிவிட ஆள் இல்லையென்றால் நமக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். பெண்களின் டாய்லெட் வாசலில் நின்றுகொண்டு அடக்கிக்கொள்வதைப் போல ஒரு கொடுமை கிடையாது. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். சாப்பாடும் சமையலறைக்குப் பின்னால், ஐஸ் மெஷினுக்குப் பக்கத்தில், நின்றபடியேதான்.

முதல் ரயிலில் மாகிமில் இறங்கி தாராவிக்குள் நடந்து வரும்போது காதுக்குள் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் ரூம் மேல்மாடி, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். ஏறிப் படுத்துக் கண்ணை மூடினால், எதிரே பை தைக்கும் கார்கானாவில் தையல் மெஷின்கள் ஆரம்பித்துவிடும். ஊர் தூங்கும்போது விழித்திருக்கிறவளுக்கு, ஊர் விழித்திருக்கும்போது யார் தூக்கம் கொடுப்பார்கள்? புரண்டு புரண்டு படுப்பேன். மெஷின் நின்றால் குக்கர் விசில், குக்கர் நின்றால் கதவைத் தட்டும் சத்தம்.

கதவைத் தட்டுகிறவர்கள் கையில் மருந்துச் சீட்டோடு நிற்பார்கள்.

அது அம்மாவின் கைங்கரியம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராத்திரி போய் விடிந்து வருகிற பெண்ணைப் பற்றி எங்கள் சந்தில், இங்கே கல்லி என்பார்கள், ஒரு கேள்வி கிளம்பியது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரில நைட் டூட்டி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நர்ஸ் என்று அவள் சொல்லவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றும் சொல்லவில்லை. மீதியைக் கல்லியே பார்த்துக்கொண்டது. ஒரே மாதத்தில் நான் ஆஸ்பத்திரிக்கார அக்கா ஆகிவிட்டேன்.

சர்க்கரை ரிப்போர்ட், கட்டி, சிரங்கு, தீராத இருமல் எல்லாம் ஏணி ஏறி வரும். நான் பாதித் தூக்கத்தில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்ட பெறவு போடுங்க" என்பேன். சாப்பிட்ட பிறகு போட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது என்று ஒரு நம்பிக்கை. பப்புக்குள் வருகிறவர்களின் மணிக்கட்டில் முத்திரை குத்துவதால் என் கட்டைவிரலில் எப்போதும் நீல மை இருக்கும். அது புண்ணுக்குப் போடும் மருந்து என்று அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அம்மா மாட்டுங்காவில் இரண்டு வீட்டுக்குச் சமைத்துப்போட்டு வருகிறவள். அப்பா போன பிறகு இந்தக் கல்லியில் அவளுக்கு மரியாதை என்று ஒன்று கிடைத்ததே இந்தப் பொய்யால்தான். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவளுக்கு வழிவிட்டார்கள். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கீழ் ரூமுக்கு ஒரு புதுப்பெண் வந்தது போன வருஷம். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி நேரே தாராவி. புருஷன் எதிர்க் கார்கானாவில் கட்டிங் மாஸ்டர். ஹிந்தியில் அவளுக்குத் தெரிந்தது 'நஹி' ஒன்றுதான். காய்கறிக்காரனுக்கும் நஹி, கொரியர்க்காரனுக்கும் நஹி. வீட்டு வாசலைத் தாண்டப் பயம். மத்தியானமானால் ஏணி ஏறி வந்து, நான் படுத்திருக்கும் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவோடு பூண்டு உரித்துக்கொண்டு பேசுவாள். தூக்கத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டபடி இருக்கும். அவளுக்கு மசக்கை வந்ததும், வயிறு தெரிய ஆரம்பித்ததும், கொலுசைக் கழற்றி வைத்ததும் எல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டே தெரிந்துகொண்டவை.

ஒரு மத்தியானம் அவள் கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. பையிலிருந்து பழைய பருத்திச் சேலைகளை எடுத்து மடித்து வைத்தபடி கேட்டாள்.

"அக்கா, வலி வந்தா எந்த வார்டுக்கு வரணும்? ஒங்க டூட்டி நேரத்துல வந்துட்டா நல்லாருக்கும். நானும் அதத்தான் வேண்டிக்கிட்டு இருக்கேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "நீ எங்க பேர் பதிஞ்சிருக்க?"

"பேரா?"

"பிரசவத்துக்குப் பேர் பதியணும்லா. கேஸ் பேப்பர் எங்க?"

"அதான் நீங்க இருக்கியளே. ஒங்க அம்மா அப்பமே சொல்லிட்டாவ, அவ பாத்துக்கிடுவா, நீ கவலப்படாதன்னு."

பம்பாயில் பிரசவத்துக்கு ஆரம்பத்திலேயே ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் பேரைப் பதிந்துவிட வேண்டும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாது. புருஷனுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் மேலே ஆஸ்பத்திரிக்காரியே இருக்கும்போது அவன் ஏன் வரிசையில் போய் நிற்கப் போகிறான்? தெருமுனை டாக்டரிடம் எப்போதோ ஒருமுறை காட்டியதோடு சரி. அதற்குப் பிறகு இத்தனை மாதமும் அவர்கள் என்னை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். டூட்டியில் எங்கள் போனைப் பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். இவளுக்கு ராத்திரியில் வலி வந்து, எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, இல்லாத என்னைத் தேடிக்கொண்டிருந்தால்?

அவள் இறங்கிப் போனதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "அதுக்கென்ன, ஒன் ஆஸ்பத்திரில யார்ட்டயாவது ஒரு வார்த்த சொல்லிரேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எம்மா, என் ஆஸ்பத்திரி எது?"

அவள் கை நின்றது. சொல்லிச் சொல்லி அவளுக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது. பிறகு தணிந்த குரலில், "எல்லாத்தையும் ஒடச்சிச் சொல்லணும்னு இல்ல. நீ வேல பாக்குற எடத்துல பிரசவம் பாக்கலன்னு சொல்லிட்டு வேற எடத்துல பதிஞ்சி விடு" என்றாள்.

"நான் நிக்குத எடத்துல பிரசவமும் பாக்க ஆரம்பிச்சா விளங்கிரும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அம்மா சொன்னபடி செய்திருக்கலாம். ஆனால் ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க வேறொன்று என்று போனால், நடுவில் மாட்டிக்கொள்வது அந்தப் பெண்ணின் வயிற்றுப் பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை கார்கானா மூடியிருந்தபோது கீழே இறங்கி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி இல்லை, பப், பவுன்சர், எல்லாம்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க, அக்கா" என்றான். "அதுக்காவ எந்தப் பொம்பளையாவது தன்னப் பத்தி இப்படி ஒரு பொய் சொல்லுவாளா?"

நான் போனை எடுத்து, கறுப்புச் சட்டையில் வாக்கிடாக்கியோடு நிற்கும் படத்தைக் காட்டினேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "ஆஸ்பத்திரி வாசல்லயும் இப்படித்தான் நிக்காவ. சரி, நர்ஸ் இல்ல, செக்யூரிட்டி. அதுக்கென்ன? செக்யூரிட்டி சொன்னா உள்ள விடத்தான செய்வாவ?"

அவள் மடித்து வைத்த சேலைகளைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். "நான் என்ன தப்பு செஞ்சேன்னு எங்கிட்ட இப்படிச் சொல்லுதிய?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாகச் சொல்லாத உண்மையை ஒருவழியாகச் சொல்லியாகிவிட்டது. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மறுநாள் டூட்டி முடிந்து வந்ததும் சட்டைகூட மாற்றவில்லை. நேரே கீழ் ரூம் கதவைத் தட்டி, அவள் கையைப் பிடித்து, "நட" என்றேன். எதற்கு என்று கேட்டாள். "நான் பொய் சொல்லுதேனா இல்லையான்னு நீயே பாத்துக்க" என்றேன். டாக்ஸியில் மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினோம்.

இறங்கியதும் எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் ஹிந்தியில் வழி கேட்டேன். அவர் காட்டிய பக்கம் போனால் எக்ஸ்ரே. திரும்பி வந்து இன்னொருவரிடம் கேட்டேன். அவர் மாடி என்றார். மாடியில் போய்த் தப்பான வரிசையில் நின்று, பாதி வரிசை நகர்ந்த பிறகு, இது சாம்பிள் கொடுக்கிற இடம் என்று முன்னால் நின்றவள் சொன்னாள். வாசலில் நின்ற பெண் காவலாளி என் கறுப்புச் சட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, கூட ஒருவர்தான் வரலாம், பேப்பர் எங்கே என்று எல்லாரையும் கேட்பதுபோலக் கேட்டாள். நான் இளிச்சவாய் மாதிரி நின்றேன்.

சரியான வரிசைக்கு வந்து சேர்ந்தபோது அவள் என் கையைச் சுரண்டினாள்.

"ஒங்களுக்கு இங்க ஒண்ணுமே தெரியலையே."

"அதத்தான நேத்துலருந்து சொல்லுதேன்."

"அப்பம் நெசமாவே அந்த எடந்தானா?"

"நெசமாவே."

வரிசை நகர்ந்தது. அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவளுக்குப் பதிலாக நான் நின்றேன். நிற்பதற்கு எனக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"குடிச்சிட்டு விழுந்தா பொம்பளப் பிள்ளைகளத் தூக்குவியளோ?"

"தூக்குவேன்."

"என்னத் தூக்கிருவியளா?"

அவள் வயிற்றைப் பார்த்தேன். "ஒன்னத் தூக்கணும்னா ரெண்டு ஆள் வேணும்" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ராத்திரி முழுக்க சிரிக்காமல் நின்ற வாய்.

இவ்வளவு மாதம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கவுன்டரில் கேட்டார்கள். கேட்கத்தானே செய்வார்கள். எனக்குத் தலை குனிந்தது. கேஸ் பேப்பர் கிடைத்தது. உள்ளே டாக்டர் பரிசோதித்துவிட்டு, பிரஷர் அதிகமாக இருக்கிறது, கால் வீக்கம் நல்லதில்லை, இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்று சொன்னார். அன்றைக்கே படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். நான் வெளியே வந்து, புருஷனுக்குப் போன் பண்ணிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு வாரம் கழித்து வலி வந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அம்மா மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

சில நாளில் ஆபரேஷன் செய்து பெண்பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

அதற்குள் கல்லி முழுக்கத் தெரிந்துவிட்டது. புருஷன்காரன் நன்றியோடுதான் சொல்லியிருக்கிறான், அக்கா இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று. நன்றி நாலு வாய் மாறும்போது வேறு மாதிரி ஆகிவிடும். பப்பில் நிற்கிறாள் என்பது பாரில் நிற்கிறாள் என்றாகி, பாரில் ஆடுகிறாள் என்பது வரைக்கும் போய்விட்டது. ஆடுகிறவளும் உழைத்துத்தான் சாப்பிடுகிறாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் செய்யாத வேலைக்கு ஏன் பேர் வாங்க வேண்டும்? மருந்துச் சீட்டுகள் நின்றுபோயின. கதவைத் தட்ட யாரும் வரவில்லை. இத்தனை வருஷமாக நான் கேட்ட அமைதி அதுதான். அது கிடைத்த பிறகும் தூக்கம் வரவில்லை. தண்ணீர் பிடிக்க அம்மா ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனாள். என்னோடு சாப்பிடக் கூப்பிட மட்டும் பேசினாள்.

அவர்கள் பிள்ளையோடு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நான் டூட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். கீழ் ரூம் வாசலில் வெயிலுக்காக அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி என்னிடம் நீட்டினாள். "அக்கா, ஒங்க பிள்ள. பாருங்க, ஒங்கள மாதிரி நெட்ட."

நான் கையை நீட்டினேன். மேலே ஏணி உச்சியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏட்டி. குளிச்சிட்டு வந்து தூக்கு."

இத்தனை வருஷமும் இதே சட்டையோடு வந்து இந்தக் கல்லியில் எத்தனை குழந்தைகளைத் தூக்கியிருக்கிறேன். காய்ச்சல் இருக்கிறதா பாரு என்று அம்மாவே வாங்கி என் கையில் கொடுத்திருக்கிறாள். இதே சட்டையோடு அவள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அவள் பாயில் படுத்திருக்கிறேன். ஒருநாளும் குளி என்று அவள் சொன்னதில்லை. நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவளுக்கு முதல் நாளிலிருந்து தெரியும்.

இரண்டு பெண்களும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் ஏணியில் பாதி ஏறி நின்றேன். அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

"ஏம்மா, இத்தன வருஷமா குளிக்கச் சொல்லலியே?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே நின்ற பெண்களைத்தான் பார்த்தாள்.

"அப்பம் யாருக்கும் தெரியாதுலா" என்றாள்.